மணிக்கட்டில் தெரிந்த மலை

சாய்லாவுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. வெளியே சொன்னால் கழுகும் போய்விடும். ஆகவே அவர் வாயைத் திறக்கவில்லை.

முதலில் தூரத்து மலைகள் மங்கின. பிறகு எதிர்ச் சரிவில் மேயும் ஆடுகள் போயின. இப்போதோ, முற்றத்தில் நிற்பது குதிரையா மோட்டார் சைக்கிளா என்பதே அது கனைத்தால்தான் தெரிந்தது. வெயில் ஏற ஏற, யாரோ கண்ணுக்குள் பாலை ஊற்றிக் கலக்கினாற்போல எல்லாம் வெளுத்துவிடும். பனி வெளிச்சம் எரித்துவிட்ட கண், இனி தேறாது என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். அவருடைய அப்பாவுக்கும் இப்படித்தான் போயிற்று. அப்பா கடைசிக் காலத்தை அடுப்பு மூலையில், யார் உள்ளே வந்தாலும் "யாரது? யாரது?" என்று கேட்டபடியே கழித்தார். கொஞ்ச நாளில் வருகிறவர்கள் பதில் சொல்வதையே விட்டுவிட்டார்கள்.

மனைவி ஷினாருக்கு மட்டும் தெரியும் என்று சாய்லாவ் நினைத்திருந்தார். கூடவே குடித்தனம் நடத்துகிறவளிடம் எதை மறைப்பது? வாசலில் ஆள் நுழைந்ததும், "அடடே, ஒராஸ்கான் அண்ணனா, வாங்க வாங்க" என்று முந்திக்கொண்டு பெயரைச் சொல்லிவிடுவாள். அவர் ஏதோ தாமே கண்டுகொண்டவர் மாதிரி எழுந்து கைகொடுப்பார். கெட்டிக்காரத்தனம் என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

மலையில் ஷினார் கிடையாது. அங்கே அவருக்குக் கண் அந்தக் கழுகுதான்.

ஏழு குளிர்காலங்களுக்கு முன்னால், கண் நன்றாக இருந்த நாளில், செம்பாறை உச்சிக்கு மேலே அவளை முதலில் பார்த்தார். ஊரெல்லாம் கழுகை 'அது' என்றுதான் சொல்லும். சாய்லாவுக்கு அன்றைக்கே அவள் 'அவள்' ஆகிவிட்டாள். சிறகை அசைக்காமல் எதிர்க்காற்றில் அப்படியே நின்றாள். பிடரியில் வெயில் பட்டுப் பொன்னாக மின்னியது. நின்றவள் சட்டென்று சிறகுகளை ஒடுக்கிக்கொண்டு விழுந்தாள். விழுந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும், அதைப் பறப்பது என்று சொல்ல முடியாது. காற்று கிழிகிற சத்தம் அவர் காதுக்கு வந்து சேர்ந்தபோது, கீழே சரிவில் நரியின் கதை முடிந்திருந்தது. சாய்லாவ் குதிரையை விட்டு இறங்கி, ஏனென்று தெரியாமல் தொப்பியைக் கழற்றினார்.

பிறகு வலை கட்டிப் பிடித்தார். பிடித்ததை இங்கே பெருமையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படிப்பட்டதைப் பார்த்துவிட்டு அது நம் கையில் வந்து உட்கார வேண்டும் என்று ஆசைப்படாத ஆள் எங்கள் அல்த்தாய் மலைகளில் இல்லை, அவ்வளவுதான்.

கழுகை ஏந்தும் வலது கையில் தடித்த தோல் கையுறை. அதற்கும் உள்ளே, மணிக்கட்டில், அவளுடைய நகங்கள் பேசும். நரி என்றால் இடது கால் முதலில் இறுகும், அப்புறம் வலது. முயல் என்றால் சும்மா ஒரு கிள்ளல், அவளுக்கு முயல் ஒரு பொருட்டே இல்லை. ஓநாய் என்றால் இறகெல்லாம் உடம்போடு ஒட்டிக்கொள்ள, எடை கூடினவள் மாதிரி அழுத்தி உட்காருவாள். வானத்தில் இன்னொரு கழுகு தெரிந்தால் தலை சாயும், பிடி தளரும். அந்த நேரம் அவள் யாருக்கும் சொந்தமில்லை. கண் நன்றாக இருந்தவரை சாய்லாவ் இதையெல்லாம் பெரிதாகக் கவனித்ததில்லை. கண் மங்க மங்க, முழு மலையும் அந்த மணிக்கட்டில் வந்து இறங்கியது. எந்தப் பாறைக்குப் பின்னால் என்ன அசைகிறது, எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் போகிறது எல்லாம் அவருக்குத் தெரிந்தது. கழுகைக் கையில் ஏந்தி மலையில் நின்ற நேரம்தான் அவர் குருடர் இல்லாத நேரம்.

சில வருஷம் வேட்டையாடிவிட்டு, வசந்தத்தில் ஓர் ஆட்டை அறுத்து வைத்துக் கழுகை மலைக்கே திருப்பி அனுப்புவது எங்கள் வழக்கம். அவள் குஞ்சு பொரிக்க வேண்டாமா? போன வசந்தத்தில் ஷினார் அதை நினைவுபடுத்தினாள். "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார் சாய்லாவ். அதற்கு முந்தின வருஷமும் அதைத்தான் சொல்லியிருந்தார்.

அந்த நாள் காலையில் புதுப்பனி விழுந்து கிடந்தது. வேட்டைக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? பனியில் நரியின் தடம் எழுதி வைத்தாற்போலக் கிடக்கும். சாய்லாவ் அடுப்பருகே உட்கார்ந்து தொட்டித் தண்ணீரில் இறைச்சியைக் கசக்கிக்கொண்டிருந்தார். வேட்டைக்கு முந்தின நாட்களில் கழுகுக்கு ரத்தம் போகக் கழுவின இறைச்சிதான் கொடுக்க வேண்டும். சிவந்த இறைச்சி தின்றால் வயிறு நிறைந்து மலையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். கழுவினது பசியை விட்டுவைக்கும். எவ்வளவு கழுவுவது என்பதில்தான் விஷயம். வெளிர் ரோஜா நிறத்தில் நிறுத்த வேண்டும். அதைத் தாண்டினால் பசி வெறியாகிவிடும்.

வெளிர் ரோஜாவுக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம் அவர் கண்ணை விட்டுப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. குறைவாகக் கழுவிவிட்டோமோ என்ற பயத்தில் சில நாட்களாகவே கூடுதலாகத்தான் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது, துணி துவைக்கிற மாதிரி?" என்றாள் ஷினார். "வெள்ளைவெளேர்னு ஆயிப்போச்சு. போதும், விடுங்க."

"எனக்குத் தெரியும். நீ டீயப் பாரு."

"தெரிஞ்சா சரி."

அவர் எழுந்து போய், கட்டையில் உட்கார்ந்திருந்த கழுகின் மார்பைத் தடவினார். எலும்பு விரலில் குத்தியது. அந்த விரல் பொய் சொல்லாது. இன்றைக்குக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது, நாலு நாள் நல்ல தீனி போட வேண்டும் என்று அது சொல்லிவிட்டது. ஆனால் வெளியே புதுப்பனி. அவள் கையில் ஏறினால்தான் அவருக்கு மலை. விரல் சொன்னதை அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

வாசலில் குதிரைச் சத்தமும் சிரிப்பும் கேட்டன. தம்பி தோலெத்தும் அவன் மனைவி குலாஷும். மலையின் கீழ்ச் சரிவில் குதிரையில் சுற்றிச் சத்தம் போட்டு நரியைக் கிளப்புவது தோலெத்தின் வேலை. மேலே உச்சியில் கழுகோடு நிற்பது அண்ணன்.

"என்ன மலைமாமா, உங்க மக ரெடியா?" என்றாள் குலாஷ், சூடான எண்ணெய்ப் பணியாரத்தை மேஜையில் கொட்டியபடி. புருஷனோடு கூடப்பிறந்த மூத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் பெண்களுக்கு ஆகாது. வாழ வந்த அன்றே ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொள்வார்கள். சாய்லாவ் அவளுக்கு மலைமாமா.

"மகளுக்கென்ன, அவ எப்பவோ ரெடி. உன் புருஷந்தான் இப்பத்தான் எந்திரிச்சிருப்பான்."

"அண்ணே, இன்னைக்கு என்னை மரியாதையாப் பேசு," என்றான் தோலெத். "தலையில என்ன இருக்குன்னு பாத்தியா? போன மாசம் உன் மக பிடிச்ச நரி. தச்சாச்சு. ராஜா மாதிரி இருக்கேன்ல?"

"ராஜாவா?" என்றாள் குலாஷ். "நரிக்குக் கீழ ஆடு நிக்கிற மாதிரி இருக்கு."

ஷினார் வாய்விட்டுச் சிரித்தாள். சாய்லாவ் செம்மஞ்சளாய் மங்கித் தெரிந்த ஒரு திட்டைப் பார்த்து, "நல்ல தோல்" என்றார். தோலெத் அண்ணனின் கையைப் பிடித்துத் தன் தொப்பிமேல் வைத்து, "தொட்டுப் பாருண்ணே, எவ்வளவு அடர்த்தி பாரு" என்றான்.

உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் பனியில் விழுந்து சாய்லாவின் உலகம் முழுக்க வெள்ளையாகியிருந்தது. சேணத்தில் செருகிய கவட்டைக் கட்டையில் கையைத் தாங்கிக்கொண்டு நின்றார். கழுகின் கண்ணை மறைத்த தோல்மூடி இன்னும் அதன் தலையில் இருந்தது. கீழே தோலெத்தின் குரல் எழும்பியது. அவனுக்கு வாய் கொஞ்சம் நீளம். மற்றவர்கள் நரி கிளம்பினால் "போகுது" என்று ஒரே கத்தலோடு விட்டுவிடுவார்கள். இவனோ, "இடது பக்கம், கறுப்புப் பாறைக்குக் கீழ, ஓடைய நோக்கி இறங்குது" என்று கதையே சொல்லுவான்.

இப்போது அந்தக் குரல் நின்றது. காற்று மட்டும் வீசியது.

சாய்லாவ் மூடியைக் கழற்றினார். அவள் தலையைத் திருப்பிச் சுற்றிலும் பார்ப்பது மணிக்கட்டில் தெரிந்தது. சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு இடது கால் இறுகியது. வலது கால் இறுகியது. நரி. சந்தேகமே இல்லாத நரி. தரையோடு தரையாக, மெதுவாக, பாறைகளுக்கு நடுவே ஊர்கிறது.

கத்தல் வரும்வரை காத்திருக்க வேண்டும். கத்தல் வராமல் கழுகை விடுவதில்லை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விதி. இல்லையென்றால் தன் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். சாய்லாவ் காத்திருந்தார். பிடி இறுகிக்கொண்டே போனது, எலும்பு நோகிற அளவுக்கு. இப்படி அவள் பிடித்ததே இல்லை. காற்று எதிர்ப்பக்கம் வீசுகிறது, தம்பியின் குரலைக் கொண்டுபோயிருக்கும் என்று எண்ணிக்கொண்டார். எண்ணிக்கொண்டார் என்பதைவிட, அப்படி எண்ண ஆசைப்பட்டார் என்பது சரி.

கையை உயர்த்தினார். கனம் போயிற்று.

ஒவ்வொரு தடவையும் அந்தக் கணத்தில் அவருக்கு மூச்சு நின்றுவிடும். வெள்ளைக்குள் ஒரு கறுப்புப் புள்ளி இறங்கிக் கரைந்தது. காற்று கிழியும் சத்தம், அந்த அழகான சத்தம், கீழே போய்க்கொண்டே இருந்தது.

அப்புறம் தோலெத்தின் அலறல். அதற்குப் பின்னால் கல் உருளும் ஓசை.

நடந்தது இதுதான். நரி வளைக்குள் புகுந்துவிட்டது. தோலெத் குதிரையை விட்டு இறங்கி, பாறை இடுக்கில் குப்புறப் படுத்து, கம்பால் வளையைக் குடைந்துகொண்டு ஊர்ந்தான். நிமிர்ந்த ஆளின் தலையில் இருக்கும்வரை நரித்தோல் வெறும் தொப்பி. அதைக் கழுகு ஆயிரம் தடவை பார்த்திருக்கிறது. பாறைகளுக்கு நடுவே தரையோடு நகர்ந்தால், பசி வெறியேறின கண்ணுக்கு அது நரியின் முதுகு. கண் தெரிந்த எவனும் அந்தத் தொப்பிக்குப் பின்னால் நீண்டு கிடந்த மனித உடம்பைப் பார்த்திருப்பான்.

குதிரை தன் போக்கில் வழிபார்த்து இறங்கியது. சாய்லாவ் முனகல் வந்த திசைக்குத் தடவித் தடவிப் போனார். தோலெத் பாறையிலிருந்து உருண்டு கீழே கிடந்தான். ஒரு கால் உடம்புக்கு அடியில் மடங்கியிருந்தது. கழுகு அவனை விடவில்லை. ஒரு கால் தொப்பியிலும் மண்டைத் தோலிலும், இன்னொரு கால் கன்னத்தில். பிடித்த இரையின்மேல் விரிப்பதுபோலச் சிறகுகளை விரித்துப் போர்த்தியிருந்தாள். அண்ணனைக் கண்டதும் வழக்கம்போலத் தலையைத் தூக்கி, தன் பங்கு இறைச்சிக்குக் காத்திருந்தாள். சாய்லாவ் பையிலிருந்த இறைச்சித் துண்டை நீட்டினார். அவள் பிடியை விட்டு ஒழுங்காகக் கையுறைமேல் ஏறிக்கொண்டாள். சொன்ன வேலையைச் செய்துவிட்டு வந்த பிள்ளைபோல.

பக்கத்துப் பள்ளத்தாக்கில் வேட்டைக்கு வந்திருந்த ஒராஸ்கான் அலறல் கேட்டு ஓடி வந்தார். அவரும் கழுகுக்காரர், சாய்லாவைவிட மூத்தவர். தோலெத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ரஷ்ய வேனில் நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். குலாஷ் கூடவே ஏறிக்கொண்டாள்.

சில நாள் கழித்து மாற்றுத் துணி எடுக்க அவள் ஊருக்கு வந்தாள். தோலெத் உயிர் பிழைத்துக்கொண்டான், கால் இனி மடங்காது, தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், பேச முடியாது. இதைக் கேட்க அக்கம்பக்கத்தார் சாய்லாவ் வீட்டில் கூடினார்கள். மூலையில் கட்டைமேல் மூடி போட்ட கழுகு உட்கார்ந்திருந்தது. யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஒராஸ்கான் டீக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "சாய்லாவ், ஒண்ணு கேக்கணும். எது மேல விட்டே?"

"நரி மேல."

"நரி இருந்துச்சா?"

"இருந்துச்சு. தோலெத்துக்கு முன்னால ஓடிச்சு."

"நீ பாத்தே?"

ஷினாரின் கையில் கெண்டி நின்றது. சாய்லாவுக்கு அந்த வீட்டிலுள்ள அத்தனை மூச்சும் கேட்டது. 'பார்க்கவில்லை' என்று ஒரு சொல். அதைச் சொன்னால் கட்டைமேல் இருப்பவள் பிழைப்பாள், வசந்தத்தில் மலைக்குப் போவாள். அவர் அடுப்பு மூலைக்குப் போவார், தம்பியைக் குருட்டுத்தனமாகக் கிழித்த அண்ணன் என்ற பெயரோடு.

"பாத்தேன்," என்றார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு," என்றார் ஒராஸ்கான், மிக மெதுவாக. "கழுகு தெரியாமச் செஞ்சிருந்தா வசந்தத்துல விட்டுடலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான் பொறுப்பு. ஆனா நரியக் கண்ணு முன்னாலேயே விட்டுட்டு மனுஷன் மேல போச்சுன்னா, அது வேற. அதை வெளிய விட முடியாது. நம்ம பிள்ளைங்க தலையிலயும் இதே தொப்பிதான். அதனாலதான் கேக்கறேன். நீ உன் கண்ணால பாத்தியா?"

"எத்தனை தடவைண்ணே கேப்பீங்க? பாத்தேன். நரியத் தாண்டித்தான் அது போச்சு."

முதல் முறையாக அவரும் கழுகை 'அது' என்று சொன்னார்.

குலாஷ் எழுந்து நேரே வந்து நின்றாள்.

"சாய்லாவ்," என்றாள்.

வாழ வந்த நாளிலிருந்து அவள் வாயில் வராத பெயர். அடித்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"அவர் மூஞ்சிய நீங்க பாக்கல. நான் தெனம் பாக்கறேன். அவர் திரும்பி வரும்போது அந்தச் சனியன் இந்த வீட்டுல உயிரோட இருக்கக் கூடாது."

எல்லோரும் போன பிறகு ஷினார் அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "சொல்லிடுங்க. இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல. நான் போய்ச் சொல்லவா?"

"நீ சொன்னா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்."

"உங்களுக்கு உங்கப்பா மாதிரி மூலையில உக்காந்துருவோமோன்னு பயம். அதுக்காக அதக் கொல்லப் போறீங்க. அது உங்களுக்கு என்னங்க கெடுதல் பண்ணுச்சு? கேக்கறேன், சொல்லுங்க."

சாய்லாவ் சொல்லவில்லை. ஷினாரும் போய்ச் சொல்லவில்லை. அந்தக் குற்ற உணர்வு அவளுக்குக் கடைசிவரை இருந்தது.

மறுநாள் காலையில் ஒராஸ்கான் துப்பாக்கியோடு வந்தார். வேறு யார் கையும் படக் கூடாது என்று சாய்லாவ் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைக்குக் கொழுத்த ஆட்டிறைச்சியைக் கழுவாமல், ரத்தம் சொட்டச் சொட்ட அவளுக்குக் கொடுத்தார். எத்தனையோ நாள் பசி. அவள் தின்னத் தின்னக் கழுத்துப் பை புடைத்தது. வயிறு நிறைந்ததும் அலகை அவர் கையுறையில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டாள். அவர் மூடியைப் போட்டு, வீட்டுக்குப் பின்னால் கல்சுவர் மறைவுக்குக் கொண்டுபோனார்.

பறவைக்கு நெஞ்சு விரிய இடமில்லாவிட்டால் மூச்சு இல்லை. கழுகு வளர்க்கிற ஒவ்வொருவனும் இதைத் தெரிந்துவைத்திருப்பான், தவறிப்போய்க்கூட இறுக்கிப் பிடித்துவிடக் கூடாதே என்பதற்காக. சாய்லாவ் தன் தோல் அங்கியால் அவளைச் சுற்றி, மார்போடு சேர்த்து அணைத்தார். குளிர் நாளில் அப்படி அணைத்து வைத்திருந்தது உண்டு. அவள் பேசாமல் இருந்தாள். அவர் இறுக்கினார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்குப் புரிந்தது. இரண்டு கால்களும் ஒரே சமயத்தில் மணிக்கட்டைப் பற்றின. நரி என்று அல்ல, ஓநாய் என்றும் அல்ல. இந்தப் பிடியை அவர் அறியமாட்டார். அவரையே பிடித்துக்கொண்டிருந்தாள். காப்பாற்றச் சொல்கிற பிடி என்று பின்னால் பல நாள் அவருக்குத் தோன்றியது. அப்போது ஒன்றும் தோன்றவில்லை. "போ, போ, போயிரு தாயி" என்று அழுதுகொண்டே இறுக்கினார். அவ்வளவு பெரிய உயிர் போக அதிக நேரம் ஆகவில்லை.

பிடி தளர்ந்ததும் மணிக்கட்டில் ஒன்றும் தெரியவில்லை. எழுந்து வீட்டுக்கு வர, சுவரைத் தடவிக்கொண்டுதான் வர முடிந்தது.

தோலெத் பனி இளகத் தொடங்கிய நாளில் வந்தான். ஊர் மொத்தமும் வீட்டுக்குள் நிறைந்தது. கட்டைக்கோல் தரையில் இடிக்கும் சத்தத்தை வைத்துத் தம்பி வருகிற திசையைக் கண்டுகொண்டு சாய்லாவ் எழுந்து நின்றார். தோலெத் கோலைப் போட்டுவிட்டு அண்ணனைக் கட்டிக்கொண்டான். தைத்த வாயால் பேச்சு கோணலாக வந்தது, ஆனால் வழக்கம்போல நிறையவே வந்தது.

"அண்ணே, உனக்கு ஒரு சேதி வெச்சிருக்கேன். குலாஷுக்குக்கூடச் சொல்லல. முதல்ல உக்காரு. அங்க ஒரு கண் டாக்டரம்மா இருக்காங்க. வாயில கம்பி இருந்தப்பவே காகிதத்துல எழுதிக் கேட்டேன். எங்க அண்ணனுக்கு இப்படி, வெயில்ல வெள்ளையாத் தெரியுது, சாயங்காலம் கொஞ்சம் தேவலன்னு. அது கண்புரைன்னு சொல்லிட்டாங்க. வெறும் படலம். எடுத்துப் போட்டா முன்ன மாதிரி தெரியுமாம். கூட்டிட்டு வா, ஒரே நாள்ல வீட்டுக்குத் திரும்பிடலாம்னு சொன்னாங்க."



"என்ன கண்ணு?" என்றார் சாய்லாவ். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"அட, போண்ணே. உனக்குக் கண்ணு தெரியாதுன்னு எனக்குத் தெரியாதா? பின்ன எதுக்கு நான் மலையில தொண்டை கிழியக் கத்தறேன், கறுப்புப் பாறை, வெள்ளைப் பாறைன்னு? உனக்காகத்தானே. ஒராஸ்கான் அண்ணனுக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும். நீயாச் சொல்றவரை நாம ஏன் கேக்கணும்னு இருந்துட்டோம். கழுகு பாக்குதே, போதாதா? அன்னைக்கும் தப்பு என் மேலதான். நரி உள்ள பூந்துருச்சுன்னு ஒரு சத்தம் குடுத்திருக்கணும். ஊர்ந்து போற மும்முரத்துல விட்டுட்டேன்." அவன் மூச்சு வாங்கினான். "அடுத்த குளிர்காலம் நீயே கண்ணாரப் பாத்து விடலாம். எங்க அவ? கொண்டு வாண்ணே. என் புது மூஞ்சியப் பாத்து அவ பயப்படுறாளான்னு பாப்போம்."

அவனும் 'அவள்' என்றான்.

குலாஷ்தான் சொன்னாள். சுவரைப் பார்த்துக்கொண்டு, சின்னக் குரலில். "இல்லீங்க. போயிருச்சு. மாமாவே... நாந்தான் சொன்னேன். எனக்குத் தெரியாதுங்க, மாமாவுக்குக் கண்ணு இப்படின்னு எனக்கு யாருமே சொல்லல."

தோலெத் அண்ணன் பக்கம் திரும்பினான். பிறகு ஒராஸ்கான் பக்கம். "நீங்க இருந்தீங்கல்ல?"

"ரெண்டு தடவை கேட்டேண்டா," என்றார் ஒராஸ்கான். கிழவர் அழுதுகொண்டிருந்தார். "கதவத் தொறந்து வெச்சுக்கிட்டு ரெண்டு தடவை கேட்டேன். பாத்தேன்னு சொல்லிட்டான். கண்ணு தெரியாதவனப் பாத்து, உனக்குக் கண்ணு தெரியாதுடான்னு நாலு பேர் முன்னால எப்படிடா சொல்றது?"

தோலெத்துக்கு அழக்கூட முகம் ஒத்துழைக்கவில்லை. தையல் இழுத்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து, தொட்டும் தொடாமலும் சாய்லாவின் தோளில் கைவைத்துவிட்டுப் போனார்கள். போகிறவர் யார் என்று ஷினார் பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை இப்போது.

கடைசியில் தோலெத் அண்ணனின் வெறும் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். சண்டை போட வந்த குரல் இல்லை அது. களைத்துப்போன குரல்.

"எதுவா இருந்தாலும் டாக்டரம்மாகிட்டப் போவோம்ணே. வேன் வெள்ளிக்கிழமை போகுது. கண்ணு வந்துரும்."

"வந்து?" என்று கேட்டார் சாய்லாவ்.